விற்ற காருக்கு வந்த கடிதம்

அச்சன்புதூரில் நஸீபாவைத் தெரியாத வீடு கிடையாது. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மீட்டரை மறைத்து நெல்மூட்டை அடுக்கியிருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாற்பத்தைந்து வயதில் பிடிவாதமாகக் கார் ஓட்டப் பழகி, வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கினாள். நான்கு வருடம் ஓட்டினாள். முழங்கால் வலியில் கிளச்சை மிதிக்க முடியாமல் போனதும், போன கார்த்திகையில் குத்துக்கல்வலசை வல்லிநாயகத்துக்கு அதை விற்றுவிட்டாள்.

விற்றதோடு தீரவில்லை. வல்லிநாயகம் ஆர்.சி.யில் பெயர் மாற்றவே இல்லை. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது என்று தெரிந்தும், சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். நஸீபா வாரம் தவறாமல் போன் போட்டுக் கேட்பாள். "நாளைக்கு முடிச்சிருவோம்க்கா" என்பான். சித்திரை பிறந்ததும் அவளுடைய நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிவாக்கில், அவள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. கார் கம்பெனி அனுப்பியது. இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு அதில் போட்டிருந்த எண்ணுக்குப் பேசினாள். எடுத்தவர் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் ஜெபஸ்டின்.

"மேடம், லெட்டர்ல போட்டிருக்க அந்த ரெண்டு மாசத்துல செஞ்ச இன்ஜின்கள்ல ஒரு போல்ட்டு சரியில்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போதே முறிஞ்சிரலாம். முறிஞ்சா இன்ஜின் நின்னுரும்."

"நின்னா?"

"பிரேக் மிதிக்க முடியாம இறுகிரும். ஸ்டியரிங்கும் கனத்துரும். சமதளம்னா எப்படியாச்சும் ஓரங்கட்டிரலாம், இறக்கம்னா ரொம்பக் கஷ்டம். அதனால நீங்க வண்டிய எடுக்கவே வேண்டாம். நாங்களே வந்து ஏத்திக்கிடுதோம். டொக்கு டொக்குன்னு சத்தம் ஏதும் வருதா?"

"வண்டி எங்கிட்ட இல்லயே சார்," என்றாள் நஸீபா.

பக்கத்து வீட்டுப் போனை வாங்கி வல்லிநாயகத்துக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. விற்றாயிற்று, இனி அவன் பாடு என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால், மீட்டர் பார்க்கப் போன வீட்டின் மாட்டுக் கொட்டகையில் ஒயர் உரிந்து தொங்குவதைப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் வாயால் சொன்னதோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். மறுவாரம் அங்கே எருமை கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு எதையும் வெறும் வாயால் சொல்லிவிட்டு வர அவளால் முடிவதில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

குத்துக்கல்வலசையில் வல்லிநாயகத்தின் மனைவி உலகம்மைதான் கதவைத் திறந்தாள். நஸீபாவைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"பேரு மாத்துத விசயமாக்கா? அவுக வீட்ல இல்ல."

"பேரு கெடக்கட்டும். வண்டி எங்க?"

"பார்ட்டி ஏத்திக்கிட்டு விடியலயே பாலருவிக்குப் போயிருக்காக. மெயின் அருவில குளிக்கத் தடை போட்டுட்டாகல்லா."

பாலருவி கேரளப் பக்கம்; மலையேறி, கோட்டைவாசலைத் தாண்டி, ஆரியங்காவு வழியாகப் போக வேண்டும். திரும்பும்போது புளியரை வரைக்கும் ஒரே இறக்கம்.

"வண்டில ஏதும் சத்தம் வருதுன்னு சொன்னானாட்டி?"

உலகம்மை யோசித்தாள். "ரெண்டு நாளா என்னமோ டொக்கு டொக்குங்குதுன்னாக. திங்கக்கெழம மெக்கானிக்கிட்ட காட்டணும்னாக. ஏங்க்கா?"

நஸீபா கடிதத்தில் இருந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் உலகம்மை வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

செங்கோட்டை தாண்டியதும் சாரல் மழையானது. எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் தள்ளாடியது. போனை பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உலகம்மை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே வந்தாள். "எடுக்கலக்கா... எடுக்கலக்கா..." என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டபடி இருந்தது.

புளியரை செக்போஸ்ட்டில் ஏட்டு சங்கரபாண்டி இருந்தார். நஸீபா ஈரக் கடிதத்தை மேசைமேல் விரித்து விஷயத்தைச் சொன்னாள்.

"பார்ட்டின்னா? வாடகைக்கா ஓட்டுதான்? வண்டி என்ன போர்டு?" என்றார் அவர்.

உலகம்மை பின்னாலிருந்து கையைக் கிள்ளினாள். நஸீபாவுக்கும் புரிந்தது. ஆர்.சி. அவள் பெயரில்தான் இருக்கிறது. வழக்கு எழுதினால் அவள் பெயரும் சேரும். அரசாங்க வேலையில் இருக்கிறவள் வேறு.

"வெள்ளை போர்டுதான் ஏட்டையா. ஆர்.சி. எம்பேர்ல கெடக்கு. எழுதுததப் பொறவு எழுதிக்கிடுங்க. இப்ப அந்த வண்டிய நிறுத்தணும்."

அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஆரியங்காவு செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டுப் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். போனை வைத்ததும் தொப்பியை எடுத்தார்.

"அங்கனயிருந்து தாண்டிப் பத்து நிமிசம் ஆச்சாம். இறக்கத்துக்குப் பக்கத்துல வந்திருப்பான்."

அந்த நேரத்தில் உலகம்மை திரும்ப அடித்தபோது மணி போயிற்று. வல்லிநாயகம் எடுத்துவிட்டான். "பார்ட்டியோட வரும்போது எதுக்குட்டி சும்மா சும்மா அடிக்க?" என்று எரிந்து விழுந்தான். நஸீபா போனைப் பிடுங்கினாள்.

"வல்லிநாயகம், நஸீபா பேசுதேன். வச்சிராத."

"யக்கா, பேரு மாத்துதது திங்கக்கெழம..."

"அது இல்லலே! இன்ஜின்ல கோளாறுன்னு கம்பெனிலருந்து லெட்டர் வந்திருக்கு. அந்தச் சத்தம் அதுதான். திடீர்னு நின்னா பிரேக் பிடிக்காது. மலைப்பக்கமா ஓரங்கட்டி நிறுத்து. ஹேண்ட் பிரேக்க..."

இணைப்பு அறுந்துவிட்டது. எவ்வளவு கேட்டிருப்பான் என்று தெரியவில்லை. திரும்ப அடித்தால் எல்லைக்கு வெளியே.

நின்றார்கள். மேலேயிருந்து கேரள பஸ் ஒன்று இறங்கி வந்தது. பின்னால் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரிகள் இரண்டு. வெள்ளையாக எது வளைவில் தெரிந்தாலும் உலகம்மை ஓரடி முன்னால் போனாள். பக்கத்தில் வந்ததும் பின்வாங்கினாள். கால் மணி நேரம் ஆயிற்று. சங்கரபாண்டி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தபோது, மூன்றாவதாக வந்த லாரி நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏட்டையா, எஸ் வளைவுக்கு மேல ஒரு வெள்ளக் காரு ஓடைல கெடக்கு."

உலகம்மை லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டுதான் கேட்டார்: "பள்ளத்துப் பக்கமா, மலைப்பக்கமா?"

"மலைப்பக்க ஓடைதான். ஆள்க எறங்கி நிக்காவ. அடி ஒண்ணும் இல்ல."

மேலே போனபோது கார் பாறையில் உரசி, முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கி நின்றது. அடியில் கரிய ஆயில் மழைத்தண்ணீரோடு கலந்து ஓடியது. மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒரே குடைக்குள் ஒண்டியிருந்தது. வல்லிநாயகம் அவர்களைக் கண்டதும் முன்னால் வந்தான்.

"பேரு மாத்தத்தான் ஏதோ புதுசாச் சொல்லுதீயன்னு நெனச்சேன்க்கா. நிறுத்தல. ஆனா மனசு கேக்கல. செகண்ட் கியர்ல மலைய ஒட்டியே மெதுவா வந்தேன். டமார்னு ஒரு சத்தம். பிரேக்கு கல்லு மாதிரி இறுகிட்டு. ஹேண்ட் பிரேக்க இழுத்து ஓடைக்குள்ள விட்டுட்டேன். எப்பவும் வருத வேகத்துல வந்திருந்தேன்னா..." எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தான்.

நஸீபா அந்த மதுரைக்காரர்கள் முன்னாலேயே அவனை ஏசினாள். எடுக்காத போன், மாற்றாத பெயர், கேட்டும் மெக்கானிக்கிடம் காட்டாத சத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசினாள். நடுவில் முகத்தைத் திருப்பி மழைக்கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

சங்கரபாண்டி வழக்கை இரண்டு பேர் மீதும்தான் எழுதினார். நஸீபா மறுக்காமல் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தில் விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் முதலில் பராமரிப்புச் சரியில்லை என்று இழுத்தடித்தார்கள். தபால் அவள் பெயருக்கு வந்திருந்ததால் அவளே போய் நிற்க வேண்டியிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான்கு தடவை திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். கழற்றிய இன்ஜினில் முறிந்த போல்ட்டைப் படம் எடுத்து அனுப்பியது ஜெபஸ்டின்தான். அதற்கு மேல் கம்பெனியால் மறுக்க முடியவில்லை. ஆறு வாரத்தில் புது இன்ஜின் வந்தது. அதற்கு முன்பே வல்லிநாயகம் பெயரை மாற்றிவிட்டிருந்தான்.

நஸீபா இன்னும் அச்சன்புதூரில் மீட்டர் பார்த்து வருகிறாள். ஏதாவது வீட்டு வாசலில் அந்த மாடல் கார் நின்றால், ரீடிங் எழுதிய கையோடு, "கம்பெனிலருந்து லெட்டர் ஏதும் வந்துதா?" என்று கேட்கிறாள். ஐப்பசியில் ஒரு வீட்டில், விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே டி.வி.க்கு அடியில் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பிரிக்கச் சொல்லி, ஜெபஸ்டினுக்குப் பேச வைத்து, அவர்கள் கார் சாவியை ஆணியில் மாட்டுகிற வரைக்கும் அவள் அந்த வாசலை விட்டு நகரவில்லை.