வெள்ளைக்கண் ஈக்களும் என் சகலையும்

என் மனைவியின் தங்கை நாற்பது வயதில் எம்.எஸ்ஸி. உயிரியல் படிக்கக் கிளம்பியபோது, குடும்பத்தில் வாய் திறக்காதவர்கள் யாரும் இல்லை. நான் மட்டும் ஆதரித்தேன். பத்தாம் வகுப்பையே மூன்று முறை படித்தவன் என்பதால் படிப்பின் அருமை எனக்குத் தெரியும்.

அவள் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, மைக்ராஸ்கோப் துடைப்பது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்குவது. தலைமை ஆசிரியை ஒருநாள் கூப்பிட்டு, "எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு வா, வர்ற வருஷம் உயிரியல் டீச்சர் நீதான். முடிக்கலேன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவள் வீடு எங்களுக்கு நேர் மேல்மாடி என்பதால் எங்களுக்கும் போயிற்று.

பரீட்சையெல்லாம் தேறிவிட்டாள். மிச்சம் ஈ ஆராய்ச்சிதான். அழுகிய பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. வெள்ளைக்கண் பெண் ஈயையும் சிவப்புக்கண் ஆண் ஈயையும் சேர்த்து வைத்தால் மகள்கள் எல்லாம் சிவப்புக்கண்ணோடும், மகன்கள் எல்லாம் வெள்ளைக்கண்ணோடும் பிறக்குமாம். அதை எண்ணிக் காட்ட வேண்டும். நிபந்தனை ஒன்று உண்டு. பெண் ஈ கூட்டை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்திலேயே பிரித்துத் தனியாக அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த ஆணோடு சேர்ந்துவிடும். எங்கள் தெருவில் பெண்ணைப் பெற்ற யாரும் இவ்வளவு காவல் காத்ததில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் கூரை வேலை நடந்ததால் ஈக்கள் வீட்டுக்கு வந்தன. அலமாரியில் மூன்று கண்ணாடிக் குழாய்கள், வாயில் பஞ்சு, அடியில் சோளமாவுக் கூழ். மேலே சீட்டு: வெள்ளைக்கண் பெண், வெள்ளைக்கண் ஆண், சிவப்புக்கண் ஆண்.

என் சகலை, அதாவது அவள் புருஷன், லிப்ட் ரிப்பேர்காரர். ரொம்ப நல்ல மனிதர். சிக்கலே அங்கேதான். அன்று பள்ளியிலிருந்து அவள் போன் செய்து, "கூழ் தண்ணி விட்டிருக்குங்க, புதுக் குழாய்ல மாத்திடுங்க" என்றாள். அவரும் மாற்றினார்.

சாயங்காலம் மேலே சத்தம். நான் படியேறினேன். விஷயத்தை முதலில் தெரிந்துகொள்வது என் வழக்கம்.

"மூணு இருந்துச்சே, ரெண்டுதானே இருக்கு?"

"புதுக் குழாய் ரெண்டுதான் இருந்துச்சும்மா."

"மூணாவது ஃப்ரிட்ஜுல இருந்துச்சே!"

"ஃப்ரிட்ஜுலயா? அங்க தயிர்தான தேடுவேன் நானு."

"சரி, எதை எதோட சேர்த்தீங்க?"

சகலை கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "வெள்ளைக்கண்ணை வெள்ளைக்கண்ணோட. சிவப்பைத் தனியா விட்டுட்டேன். பொருத்தம் பார்க்காம சேர்ப்பேனா?"

"ஐயோ, அதுங்க ஒரே பாட்டில்ல கூடப் பிறந்ததுங்க!"

"அது அதுங்க மூஞ்சில எழுதியிருக்கா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தான், சிரிச்சீங்கன்னா உங்க பொண்டாட்டியக் கூப்பிடுவேன்."

நான் சிரிப்பை விழுங்கினேன். விக்கல் வந்துவிட்டது.

அப்போதே ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கல்லூரிப் பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன், இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன். அவர் கொட்டாவி விட்டார். "இனி புதுசா ஆரம்பிக்க நேரமில்லைம்மா. என்ன வரணும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. அதையே எழுதிடு."

"வராததை எப்படி சார் எழுதுறது?"

"எல்லாரும் எழுதுறதுதான்."

போனை வைத்தவள், புருஷனைத் திட்டியதைவிட அதிகமாக அவரைத் திட்டினாள். சகலைக்கு முகம் தெளிந்தது.

அவள் பொய் எழுதவில்லை. அந்த ஈக்களை அப்படியே முட்டையிட விட்டு, பிறந்ததை எண்ணினாள். மகள்களும் வெள்ளைக்கண். உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டு போனாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பரிசோதகர் தாளைப் புரட்டிவிட்டு, "வெள்ளைக்கண் பொண்ணுங்க எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்றாராம்.

"எங்க வீட்டுக்காரர் மாத்தி ஊத்திட்டார் சார்."

பேராசிரியர் கூரையைப் பார்த்தாராம். பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மார்க்கை நிறுத்தி வைக்கிறேன். திரும்பச் செஞ்சு கொண்டாந்து காட்டு. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள" என்றாராம்.

கோடை விடுமுறை முழுக்க மாடியில் சகலைக்கு அலமாரிப் பக்கமே அனுமதி இல்லை. விடியலில் எழுந்து வெள்ளை ஓடு, பூதக்கண்ணாடி, தூரிகையோடு உட்கார்ந்து ஈ பிரிப்பாள். யாராவது பேசினால் அடுத்த வேளைச் சோறு அவர்களுக்குச் சந்தேகம். ஆனால் இந்த முறை மகள்கள் அத்தனையும் சிவப்புக்கண்ணாய்ப் பிறந்தன. தேறிவிட்டாள்.

தலைமை ஆசிரியை சொன்ன சொல் மாறவில்லை. டீச்சர் வேலை கொடுத்தார். முதல் நாள் புதுப் புடவையில் போனவள், சாயங்காலம் முந்தானையெல்லாம் ஈரமாகத் திரும்பினாள்.

"என்னம்மா, மழையா?"

"மழையா! குடுவை கழுவ வேற ஆள் போடலையாம் அத்தான். 'நீ பழகினவதானே, ரெண்டையும் பார்த்துக்கோ'ங்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நாலாம் பீரியட்ல பாடம் நடத்தினேன். அஞ்சாம் பீரியட்ல அதே பசங்க முன்னாடி உட்கார்ந்து கழுவினேன். ஒருத்தன் வந்து, 'மிஸ், எங்க ஒரிஜினல் டீச்சர் எப்ப வருவாங்க?'ன்னு கேட்கிறான்!"

முந்தானையைப் பிழிந்துகொண்டே மாடிப்படி ஏறினாள். படியெல்லாம் தண்ணீர்.