பதிலாக என்று ஒரு சொல்

எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போடவேண்டியிருந்தது. தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதிபர் கேட்கவில்லை. "இங்கிலீசில போட்டாத்தான் மதிப்பாங்க, டீச்சர்" என்றார். கல்முனையிலிருந்த அந்தப் பாடசாலைக்கு நான்தான் ஒரே ஆங்கில ஆசிரியை. வேலை என் தலையில் விழுந்தது.

'எங்கள் ஆங்கில ஆசிரியைக்கு மேலதிகமாக ஒரு விஞ்ஞான ஆசிரியரும் தேவை' என்று ஆங்கிலத்தில் எளிமையாக எழுதிக் கொடுத்தேன். அவர் பேனையை எடுத்து, 'மேலதிகமாக' என்பதற்கு நான் போட்டிருந்த 'இன் அடிஷன் டு' என்பதை வெட்டினார். மேலே 'இன் லியூ ஒஃப்' என்று எழுதினார்.

"சேர், அதுக்கு 'பதிலாக' எண்டுதான் கருத்து."

"எனக்குத் தெரியாதா? எத்தின வருஷமாக் கடிதம் எழுதுறன்! நீங்க எழுதினது சின்னப் புள்ளயள்ற கட்டுர மாதிரிக் கிடக்கு."

மணி அடித்துவிட்டது. பத்தாம் வகுப்பு காத்திருந்தது. வாதாடச் சலித்துப்போய், அவர் திருத்தியபடியே தட்டச்சு செய்து கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் எனக்கு இடமாற்றக் கடிதம் வந்தது, சவளக்கடைப் பக்கத்துப் பாடசாலைக்கு. பணிமனைக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி எங்கள் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்.

"ஒங்கட அதிபர்தானே கேட்டிரிக்காரு, ஒங்களுக்குப் பதிலா விஞ்ஞான ஆசிரியர் வேணுமெண்டு. அவர் கேட்டபடி செஞ்சி குடுத்திருக்கம்."

திரும்பி வந்து அதிபரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"அவங்களுக்கு இங்கிலீசு விளங்கல்ல டீச்சர்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. திங்கட்கிழமை விடிய பஸ் ஏறினேன். வயல்வெளிகளுக்கு நடுவே போய் வருவதிலேயே மூன்று வாரம் ஓடிப்போனது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை என்று பெற்றோர் அதிபரின் அறைக்கு வந்து சத்தம் போட்ட பிறகுதான் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். என் இடமாற்றத்தை ரத்துச் செய்யும்படி நான் தமிழில் ஒரு கடிதம் எழுதி அவருக்கு அனுப்பினேன். இம்முறை ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார்.

இடமாற்றம் ரத்தாகி நான் திரும்பியபோது விஞ்ஞான ஆசிரியை வந்து சேர்ந்திருந்தார். அதிபர் என்னை அவரிடம் கூட்டிப்போனார்.

"பாத்தியளா டீச்சர், நம்மட கடிதத்துக்கு ஆள் வந்திட்டாங்கதானே?"

நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். விட்டுப்போன பாடமெல்லாம் அப்படியே கிடந்தது.