என் காலை அளந்த சணல் கயிறு

என் இரண்டு கால்களும் போய்விட்டன, அதை என் மனைவியும் என் எதிரியும் சேர்ந்து என்னிடமிருந்து மறைக்கிறார்கள் என்று இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆடி மாதம் முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். கால்கள் என்னவோ கட்டிலில் என்னோடுதான் படுத்திருந்தன. எண்ணிப் பார்த்தால் பத்து விரலும் சரியாக இருந்தது. ஆனாலும் நம்பினேன். விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் டீக்கடை பெஞ்சில் என்னை நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள்.

தொழிற்பேட்டையில் ஒரு சின்ன செராமிக் யூனிட்டில் எனக்கு செக்கிங் வேலை. வாஷ்பேசின், கம்மோடு என்று சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் சின்ன மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பேன். ‘கிணீர்’ என்றால் நல்ல பீஸ். ‘சொத்’ என்றால் உள்ளே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத கீறல். அடிப்பாகத்தில் நீலப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். என் பெருக்கல் குறிக்கு ஒரு வால் உண்டு. கடைசிக் கோட்டை இழுத்துச் சுழிப்பேன். யூனிட்டில் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயர் எமன்.

அந்த எமனுக்கு இடுப்பு போன கதையில் வீரம் எதுவும் இல்லை. குனிந்து செருப்பு மாட்டும்போது தும்மினேன். அவ்வளவுதான். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்தி, இடது கால் மரத்துப் போய், கடைசியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். திரும்பி வரும்போது வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வழியில் இருந்த வேகத்தடைகளை எல்லாம் முதுகாலேயே எண்ணினேன்.

வீட்டில் பலகைக் கட்டில், இடுப்பில் பெல்ட், ஒருக்களித்து எழுந்திருக்கணும், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள்ளேயே நடை. மற்றதற்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைப்பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

படுத்தே கிடக்கிறவனுக்குக் காது ஒன்றுதான் வேலை செய்யும். எனக்கோ இருபது வருடமாக அதுதான் வேலை. வீட்டில் பேசுகிறவர்களின் குரலைக்கூட மனதுக்குள் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் ‘சொத்’ தையல் பிரிக்கப் போன அன்று கேட்டது. என்னை வெளியே பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, டாக்டர் என் மனைவியிடம் மட்டும் ஐந்து நிமிடம் பேசினார். வெளியே வந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னாரு. நீங்க பேசாம படுங்க.”

எல்லாம் நன்றாக இருப்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்?

அடுத்த இரண்டாம் நாள் என் எதிரி வீட்டுக்கு வந்தார். எங்கள் யூனிட்டில் களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிறவர் அவர். என் வயதுதான். அவர் ஊற்றியதில் நான் கழித்தது அதிகம், கழிந்த பீஸுக்கு அவருக்குக் கூலி கிடையாது. அதனால் எங்களுக்குள் எப்போதுமே புகைச்சல். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் டீ நேரத்தில், என்னைப் போலவே காதைச் சாய்த்து, கண்ணை மூடி, டீ கிளாஸை விரலால் தட்டி, “கழிச்சல்!” என்று என் குரலிலேயே சொன்னார். யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊரையே கிண்டல் செய்கிறவன், தன்னைச் செய்தால் சிரிக்கத்தானே வேண்டும்? அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்டவர் சாத்துக்குடிப் பையோடு என் கட்டிலருகே வந்து நின்றார்.

“சார், காலு மரத்துப் போறது நின்னுடுச்சிங்களா?”

“நின்னுடுச்சி.”

“நல்லா மடக்க முடியுதுங்களா?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதாங்க.”

சும்மா கேட்கிறவர் ஏன் என் முழங்காலையே பார்க்கிறார்? பிறகு என் மனைவியை “தங்கச்சி, ஒரு நிமிசம்” என்று கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். எப்போதிலிருந்து தங்கச்சி? அரை மணி நேரம் கிசுகிசுப்பு. நான் சாத்துக்குடியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். பழம் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை.

அதிலிருந்து வேலை இல்லாத நாளெல்லாம் வந்தார். வந்ததும் என்னை ஒரு பார்வை, பிறகு நேராகப் பின்பக்கம். உடனே என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். சீரியலில் மாமியார் அழுகிற அழுகைக்கு நடுவில் ‘டொக் டொக்’ என்று சுத்தி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டால், “பின்னாடி செவுரு ஒழுவுது, அண்ணன் பூசிக் குடுக்கறாரு” என்றாள். ஆடிக் காற்று வாசல் மண்ணை அள்ளிக் கண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. எதிலிருந்து ஒழுகுகிறது?

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மத்தியானம். கண்ணை மூடிக் கிடந்தேன். இரண்டு பேர் பூனை போல உள்ளே வந்தார்கள். காலடியில் ஏதோ உரசியது. இமை இடுக்கு வழியே பார்த்தேன். என் எதிரி தரையில் மண்டி போட்டு, ஒரு சணல் கயிற்றை என் குதிகாலில் வைத்து முழங்கால் வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நாலு வெரக்கட சேத்துக்கங்கண்ணே,” என்று என் மனைவி குசுகுசுத்தாள். “டாக்டரு அப்பிடித்தான் சொன்னாரு.”

அவர் கயிற்றை நாலு விரல்கடை நீட்டி, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காலை எதற்கு அளப்பார்கள்? கட்டைக்கால் செய்யத்தான். சரி, அந்த நாலு விரல்கடை எதற்கு? நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் நான் வளர்ந்துவிடுவேன் என்றா? இல்லை, சக்கர நாற்காலி. ஆமாம், சக்கர நாற்காலிக்குத்தான் அளவு. பின்பக்கம் அடிப்பது, அந்த நாற்காலி இறங்கிப் போகச் சரிவுப் பாதை. ஆக, எல்லாம் முடிவாகிவிட்டது. நான் எழுந்து நடக்கப் போவதில்லை. அது டாக்டருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். யூனிட்டில் என் ஸ்டூலில் உட்காரப் போகிற இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அன்றிலிருந்து என் காலை நானே பரிசோதிக்க ஆரம்பித்தேன். மணிக்கொரு தரம் விரல்களை ஆட்டிப் பார்ப்பேன். தொடையைக் கிள்ளினேன். வலித்தது. கிள்ளினவன் கைதான் வலிக்கிறதோ என்று சந்தேகமாக இருந்தது. கடைசியில் யூனிட் பையிலிருந்து என் மரச்சுத்தியை எடுத்துத் தரச் சொல்லி, போர்வைக்குள் வைத்து முழங்கால் சில்லைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாக ‘சொத்’ என்றுதான் கேட்டது. என் மனைவி காபியோடு வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“என்னாங்க பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“காலையும் கழிச்சி உட்டுடாதீங்க. வேற ஸ்டாக் இல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வேற ஸ்டாக் இல்லை என்று சொன்னபோது குரல் கொஞ்சம் கம்மியது போல எனக்குப் பட்டது. எனக்கு எது கேட்டாலும் கம்மியதாகத்தான் படும் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மார்க்கெட்டுக்குப் போனாள். பின்பக்கம் ‘டொக் டொக்’. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன்.

ஒருக்களித்தேன். முழங்கையை ஊன்றினேன். உடம்பு எழுந்தது. பெல்ட்டை இறுக்கினேன். முதலில் பீரோ, அப்புறம் கதவு, அப்புறம் சுவர் என்று பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி நகர்ந்தேன். கூடம், சமையல்கட்டு, பின்வாசல். ஒரு சின்ன உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். போய்விட்ட என் இரண்டு கால்களும் அப்போது யார் துணையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. வேவு பார்க்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பின்வாசலில் நின்று பார்த்தேன். கொல்லைக் கோடியில் மூன்று படி ஏறிப் போகிற எங்கள் பழைய கக்கூஸ். அதற்கு இந்தப் பக்கம், பின்வாசலை ஒட்டி, படியே இல்லாமல் ஒரு புது அறை. உள்ளே பாதிச் சுவர் வரை டைல்ஸ். ஓரமாகச் செங்கல் வைத்து உயர்த்தின ஒரு மேடை. என் எதிரி சிமெண்டு பூசுகிற கரணையோடு குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முடிச்சுப் போட்ட அந்தச் சணல் கயிறு.

என்னைப் பார்த்ததும் கரணை கீழே விழுந்தது.

“அய்யய்யோ! யாரு சார் உங்கள எந்திரிக்கச் சொன்னது? தங்கச்சி என்னக் கொன்னே போட்டுடும்!”

“என்னாய்யா நடக்குது என் வூட்ல?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். இன்னும் ஒரு வருடத்துக்கு நான் குந்தி உட்காரவே கூடாது, அதற்கப்புறமும் உட்காராமல் இருப்பதே நல்லது, கம்மோடு வையுங்கள், அதையும் கொஞ்சம் உயரமாக வைத்தால் குனியாமல் உட்கார்ந்து எழலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தனியாகப் பேசிய ஐந்து நிமிடமும் இதுதான்.

“இத என்கிட்ட சொன்னா என்னா?”

“நீங்கதானே சார் டீக்கடையில, கம்மோடு நாம செய்வோம், விப்போம், ஆனா செத்தாலும் அதுல உக்கார மாட்டோம்னு பேசுனீங்க? அதுவும் நான் ஊத்துன பீஸுன்னா வாசல்லயே தட்டித் தட்டி நிறுத்திப்புடுவாருன்னு தங்கச்சி பயப்படுது. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்துச்சி.”

சொல்லியிருந்தேன்தான். மூலையைப் பார்த்தேன். வைக்கோல் மேல் சாக்கு போர்த்தி ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது, என்னைப் போலவே. சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் சாக்கை விலக்கினேன். வெள்ளைக் கம்மோடு. அடிப்பாகம் என்னைப் பார்த்து இருந்தது. அதில் நீலப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. குறிக்கு வால்.

அடங்கின சந்தேகம் மறுபடி படம் எடுத்தது. கழித்த பீஸ்! கீறல் விட்ட கம்மோட்டில் என்னை உட்காரவைத்து, அது உடைந்து, நான் விழுந்து, ஆபரேஷன் செய்த இடம் மறுபடி விட்டுப்போய்… எவ்வளவு நாள் திட்டமோ!

“இது நான் கழிச்சது.”

“ஆமாங்க. கழிச்சதையெல்லாம் ஒடைச்சிப் போட்டாங்க. இத ஒடைக்க எனக்கு மனசு வர்ல. தனியா எடுத்து வெச்சிருந்தேன். ஓனருகிட்ட கேட்டேன், எடுத்துக்கினு போன்னாரு.”

“கழிச்சதக் கொண்டாந்து எனக்கு வெக்கிறியா?”

அவர் கோபப்படவில்லை. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். நான் குனியக் கூடாது என்பதால், அந்தக் கனத்தை மார்போடு அணைத்துத் தூக்கி மேடைமேல் நிறுத்தி, கரணையைத் திருப்பி மரப்பிடி பக்கம் என்னிடம் நீட்டினார்.

“தட்டுங்க.”

தட்டினேன். கிணீர். விளிம்பில் தட்டினேன். கிணீர். கழுத்தில், பக்கத்தில், அடியில், ஐந்து இடத்தில் தட்டினேன். சிவன் கோயில் மணி மாதிரி ஐந்து இடத்திலும் ஒரே சத்தம். என் வேலைக் காலத்தில் இப்படி ஒரு பீஸை நான் கேட்டதில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கி உங்களுக்கு என்னா சத்தம் கேட்டுச்சிங்க, சார்?”

“சளி புடிச்சிருந்துது போல, காது அடைச்சிருக்கும்,” என்றேன். அவர் சிரித்தார். அதற்குள் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய மனைவி கத்தரிக்காய்ப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“யாரு வுட்டா உங்கள? எப்பிடி வந்தீங்க?”

“நடந்துதான்,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. குனிந்து பார்க்கக் கூடாது என்பதையும் மறந்து காலைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஒரு மாதம் இல்லாமல் போயிருந்ததற்கு நன்றாகவே நின்றன.

ஆவணி பிறந்ததும் அந்த மேடைமேல் வைத்த கம்மோட்டில் உட்கார்ந்தேன். முழங்காலுக்கு மேல் நாலு விரல்கடை, அளவு ஒரு நூல் பிசகவில்லை. இன்று வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. நான் யூனிட்டுக்குத் திரும்பியபோது என் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. அவரும் நானும் பிறகு எத்தனையோ டீ குடித்துவிட்டோம். அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்காததால் எனக்குத்தான் தினமும் காலையில் அந்த அறைக்குள் போகும்போது அது கேட்கிறது. அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் இங்கே எழுதுகிறேன். டீ கிளாஸைத் தட்டிக் காட்டி எல்லோரையும் அவர் சிரிக்கவைத்த அன்று, டீ முடிந்து திரும்பியதும் தள்ளுவண்டியில் முதலில் வந்த பீஸ் அது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் அதைத் தட்டவே இல்லை.