பத்துக் குச்சி உயிர்

1964 மே 17, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். திருத்தங்கலில் மேகம் மூடியிருந்தது; மழை இல்லை, புழுக்கம்தான். அந்த நேரத்தில் ஒரு படக்கதை வீரனைக் கொன்றேன்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அக்கா வீட்டில்தான் குடியிருந்தோம். என் மனைவி என்னிடம் நேராகப் பேசமாட்டாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், "மதினி, அவுகள சாப்பிட வரச் சொல்லுங்க" என்று அக்காவிடம் சொல்வாள்.

அத்தான் அச்சகத்திலிருந்து இரவல் கொண்டுவரும் வாரப் பத்திரிகையில் கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவனின் படக்கதை வந்தது. அதை மேசையில் நால்வர் ஆடும் விளையாட்டாக மாற்றினேன். வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கம் ஒரு கோட்டையின் படம் வரைந்தேன். ஆளுக்கொரு பாத்திரம், என்ன செய்கிறோம் என்று அந்தப் பாத்திரமாகவே பேசவேண்டும், நடக்குமா என்பதை ஆறு சோழி சொல்லும். எதிரிகள் எல்லாரும் நான்.

கதையில் வீரன் சாகமாட்டான். சாகாதவனை வைத்து எப்படி ஆடுவது? பழைய இதழ்களில் அவன் வாங்கிய அடிகளை எண்ணினேன். ஒன்பது. பத்துத் தீக்குச்சி அவன் உயிர் என்று வைத்தேன். அடி விழுந்தால் ஒன்றைக் கிழித்து எரிக்கவேண்டும்.

"படத்துல எம்புட்டு அடி வாங்குனாலும் சாவலையே மாப்ளே, ஒனக்கு மட்டும் எதுக்குய்யா பத்து?" என்றார் அத்தான்.

"பத்து அடிக்கு மேல எவன் தாங்குவான் அத்தான்?"

கோட்டுக்காரனை என் மனைவி எடுத்துக்கொண்டாள். பத்திரிகையில் அவன் "அடே மூடனே" என்பான். அவள் அவனை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள். காவல்காரனாக நான் வாசலில் நின்ற முதல் ஆட்டத்திலேயே மேசையைத் தட்டினாள்.

"ஏலே காவக்காரப் பயலே, கதவத் தொறலே! இல்லன்னா ஒன் மீசையக் கொளுத்திருவேன்."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "என் தம்பி மீசைக்கு இப்பத்தாம்லே ஆளு வந்திருக்கு!"

மனைவியின் முகம் சிவந்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த ஆறு ஞாயிறும் என்னை ஏலே என்றாள், பயலே என்றாள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி "மதினி, அவுகள..." தான்.

மே 17 அன்று அவளிடம் ஒரே குச்சி மீதி. மதிலைத் தாண்டச் சோழி போட்டாள். ஆறும் குப்புற விழுந்தன; தாண்டவில்லை, அடிதான்.

"இன்னொருக்கா போடட்டும்லே, பாவம்" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் ஒரே விதிதான்க்கா."

அப்போது மனைவி என்னைப் பார்த்து, தன் சொந்தக் குரலில், நேராகக் கேட்டாள்: "அடுத்த வாரம் புஸ்தகத்துல உசுரோடதான வருவாரு? வருவாருல்லங்க?"

என்னிடம் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்ன பதில்: "அது பத்திரிகை. இது கணக்கு."

கடைசிக் குச்சியைக் கிழித்தேன். அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஆளு எடுத்துக்கோ. அவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்காளே" என்றேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "இல்ல மதினி, அவுக ஆடட்டும். நான் காப்பி போடுதேன்."

அடுத்த ஞாயிறு விதியை மாற்றினேன். கோட்டுக்காரன் சாகவில்லை, மயக்கம்தான் என்றேன்; இருபது குச்சி எண்ணி அவள் பக்கம் வைத்தேன். அவள் அவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனாள். அடுப்புப் பற்றவைக்க உதவின. மூன்று பேரை வைத்து ஆட்டம் ஓடவில்லை.

பிள்ளைகள் பிறந்தபின் என்னிடம் நேராகப் பேசினாள். வாங்க, போங்க என்று, குறையே சொல்லமுடியாத மரியாதையோடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, இன்று போட்டாலும் அப்படித்தான் வரும். ஆனால் ஏலே என்று அவள் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

அந்த மே மாதத்துக்குப் பிறகு இரவலுக்குக் காத்திராமல், கதை முடியும்வரை பஸ் நிலையக் கடையில் நானே பத்திரிகை வாங்கி, அவள் கண்ணில் படும்படி, கோட்டுக்காரன் உயிரோடு வரும் பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தேன். அவள் மேசையைத் துடைத்து, அதை மூடி, அதே இடத்தில் வைப்பாள். பதினான்கு வாரம், இதழ் இருபத்தைந்து காசு. மூன்று ரூபாய் ஐம்பது காசு.