சேற்றுக்கு ஒரு மிலிட்டரி வண்டி

பழைய வண்டியை ரிப்பேர் பார்க்கிற தொழிலில் குழப்பமே கிடையாது: ஓடினால் வண்டிக்குப் பெருமை, ஓடாவிட்டால் மெக்கானிக்குக்குத் திட்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்களே, விற்றுத் தலைமுழுகியவர்களே, விற்க முடியாமல் வாசலில் நிறுத்தி அதில் கோழி அடைப்பவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ராமநாதபுரத்தில் பஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஒர்க்ஷாப் போட்டிருந்தேன். ஒர்க்ஷாப் என்றால் நாலு மூங்கில், மேலே தென்னங்கிடுகு, கீழே நான். அங்கே வந்த முதல் பெரிய வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மரம் முளைத்த எஞ்சின்

வேலையைக் கொண்டுவந்தவர் ஒரு மீன் வியாபாரி. மரைக்காயர் என்றே வைத்துக்கொள்வோம். முழுப் பெயரையும் எழுதினால் கோபித்துக்கொள்வார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிய சின்ன லாரி ஒன்றை அவர் எடுத்துப் போட்டிருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. நாலு சக்கரமும் இழுக்கும் என்று ஏலத்தில் சொன்னார்களாம். என்னிடம் வந்தபோது அந்த நாலு சக்கரத்தையும் ஒரு ஜோடி மாடு இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் ஓர் உடைமரம் முளைத்து, மூடியின் இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது.

தேவிபட்டினத்துக்கு வடக்கே அவருக்கு மீன் போடுகிற கடற்கரை ஊர் ஒன்று இருந்தது. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே பரந்த உளைச்சேறு. வெயில் காலத்தில் மாட்டு வண்டி போகும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மாடு வயிறு வரை இறங்கிவிடும். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவது கொஞ்சம். மிச்சமெல்லாம் கரையிலேயே நாறும். மீன் அள்ளிக் கொட்டுகிற மாதமும் அதுதான் என்பது வயிற்றெரிச்சல். அந்தச் சேற்றைத் தாண்டி ரயிலுக்கு மீனைக் கொண்டுவர இந்த வண்டியைத் தயார் செய்ய வேண்டும். நான் "ஆகட்டும்" என்று சொல்லி முடிப்பதற்குள் மரைக்காயர் ஒரு நிபந்தனையையும் போட்டுவிட்டார்.

"மழை விழுந்து மொதல்ல படுற மீனு ரயிலேறணும் தம்பி. ஏறலைன்னா மறுநாளே இது பழைய இரும்புக் கடைக்குப் போயிரும், நீங்க பஸ் கம்பெனிக்குப் போயிருங்க."

கிணற்றில் கிடைத்த ஷாப்ட்

நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் எஞ்சினின் சக்தியை முன் அச்சுக்குக் கொண்டுபோக ஓர் இரும்புத் தண்டு வேண்டும். ஷாப்ட் என்போம். மரத்தை வெட்டி, எஞ்சினைக் கழுவி, கீழே படுத்துப் பார்த்தால் அந்த ஷாப்டைக் காணோம். மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். எல்லாக் கடைக்காரரும் "போன வாரம்தான் போச்சு" என்றார்கள். எல்லாச் சாமானும் எப்போதும் போன வாரம்தான் போகும். இது உங்களுக்கும் தெரியும்.

ஒருநாள் மரைக்காயர் வீட்டில் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். முற்றத்துக் கிணற்றைப் பார்த்தேன். ராட்டினம் எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்கிறீர்கள்? இரண்டு தூணுக்கும் குறுக்கே என் ஷாப்ட் ஜம்மென்று படுத்திருந்தது. வண்டி அவர்கள் கொல்லையில் நின்ற காலத்தில், உறுதியான கம்பியாக இருக்கிறதே என்று யாரோ கழற்றி மாட்டிவிட்டார்கள். டீயை வைத்துவிட்டு ஸ்பானருக்கு ஓடினேன். மரைக்காயருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"தாராளமாக் கழட்டிக்கங்க தம்பி. வேற கம்பி வார வரைக்கும் ராட்டினத்தை இவுகளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க."

தலைக்கு மேலே புகை

சேற்றுத் தண்ணீர் புகைக்குழாய்க்குள் புகுந்தால் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதனால் தகரத்தில் குழாய் அடித்து, புகை போவதற்கு ஒன்று, காற்று வருவதற்கு ஒன்று என்று இரண்டையும் கூரைக்கு மேலே ஏற்றினேன். வில்லுப் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்தினேன். தண்ணீர் படக்கூடாத வயர்களுக்கெல்லாம் கிரீஸை அப்பினேன். டிரைவர் பிரான்சிஸ் அந்தக் கடற்கரை ஊர்க்காரர்தான். யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்தவர், எந்த வண்டியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார். இதற்கு "மகராசி" என்று பேர் வைத்தார்.

கண்மாய்க் கரையில் வெள்ளோட்டம் விட்டோம். மகராசி ஒரு தும்மல் தும்மி, குழாயில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, ஈர மண்ணில் குதியாட்டம் போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஓடினேன், ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. ரோட்டில் வந்த பஸ் நின்றது. ஜனம் மொத்தமும் இறங்கி வேடிக்கை பார்த்தது. பஸ் டிரைவர் என்னோடு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் இறங்கிவந்து குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டார்.

"அடுப்பு நல்லாத்தான் புகையுது. சோத்தை எப்ப எறக்குவீக?"

நிற்காத வண்டி

மழைக்கு முன்னால் ஊருக்கு வண்டியைக் காட்டி வரலாம் என்று போனோம். காய்ந்த சேற்றில் சுலபமாகத் தாண்டிவிட்டோம். ஊரே திரண்டது. கோயில் மணி அடித்தார்கள். எனக்கும் பிரான்சிஸுக்கும் நண்டுக் குழம்பும் சோறும் போட்டு உட்கார வைத்தார்கள். நாங்கள் சாப்பிடுகிற நேரத்தில், புது வள்ளம் கரைக்கு வந்தால் என்ன செய்வார்களோ அதை வண்டிக்குச் செய்தார்கள். அதாவது, உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க, சுறா ஈரலில் காய்ச்சிய எண்ணெயைத் துணியில் முக்கி உச்சி முதல் அடி வரை தேய்த்தார்கள். மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. சந்து பொந்தெல்லாம் ஊற்றினார்கள். பிரேக்குக்குள்ளும் ஊற்றினார்கள்.

திரும்பும்போது தேவிபட்டினம் கடைத்தெருவில் பிரான்சிஸ் பிரேக்கை மிதித்தார். மகராசி கேட்கவில்லை. இளநீர்க் குவியலை ஏறித் தாண்டி, ஒரு பந்தல் காலைச் சாய்த்து, வைக்கோல் போரில் முட்டித்தான் நின்றாள். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து சக்கரத்தை நக்க ஆரம்பித்தன. ராமநாதபுரம் போய்ச் சேர்ந்த பிறகும் என் ஒர்க்ஷாப்பைப் பூனைகள் விடவில்லை. பிரேக்கைப் பிரித்துக் கழுவிவிட்டு, கோபத்தோடு ஊருக்குப் போய், எண்ணெய் போட்ட ஆள் யார் என்று கேட்டேன். லூர்தம்மா முன்னால் வந்தார். மீன் சுமக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர். யாருக்கும் குரல் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"எண்ணெய் போடுறது ஓடுறதுக்குண்ணே. நிக்கிறதுக்கு எண்ணெய் போடுற ஊரு எங்கன இருக்கு, சொல்லுங்க?"

இரண்டு கயிறு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மீன் பட்டுவிட்டது என்று ஆள் வந்தது. கிளம்பினோம். சேற்றின் ஓரத்தில் சக்கரங்களில் பாதிக் காற்றைப் பிடுங்கினேன். சப்பையான டயர் சேற்றில் புதையாது. டயரைச் சுற்றித் தென்னங்கயிற்றைக் கட்டினேன். எஞ்சின் விசிறி தண்ணீரை வாரி இறைக்காமல் இருக்க அதன் பெல்ட்டையும் கழற்றினேன். வெறும் வண்டியாக ஊருக்குள் அழகாகப் போய்விட்டாள். மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு, மேலே பத்திரத்துக்கு லூர்தம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு திரும்பினோம். நட்ட நடுச் சேற்றில் மகராசி உட்கார்ந்துவிட்டாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அல்லவா, நாலு சக்கரத்தாலும் தன்னைப் புதைத்துக்கொண்டாள்.

லூர்தம்மா கூடை மேல் நின்று ஊரைப் பார்த்துக் கூவினார். ஆணும் பெண்ணுமாக ஜனம் கரைவலைக் கயிற்றோடு வந்தது. கரைவலை தெரியுமல்லவா? வலை கடலுக்குள் கிடக்கும். அதன் இரண்டு முனையிலும் நீளக் கயிறு. கரையில் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கும். நான் ஒரே கயிற்றைக் கட்டி நேராக இழுக்கச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பழக்க தோஷத்தில் முன்னால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு கயிற்றைக் கட்டிவிட்டு, ஒரு கூட்டம் இங்கேயும் ஒரு கூட்டம் அங்கேயுமாகப் போய் நின்றுகொண்டது. ஒரு கூட்டம் இழுக்கும்போது மற்றக் கூட்டம் இளைப்பாறியது. வண்டியின் மூக்கு இடம் போனது, வலம் போனது. அச்சு முறியப் போகிறது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சக்கரத்தின் பக்கத்தில் இடைவெளி விழுந்து, அதில் தண்ணீர் புகுந்து, சேற்றின் பிடி விட்டது. பிரான்சிஸ் மெதுவாகக் கிளட்சை விட்டார். பளக்கென்று ஒரு சத்தம். மகராசி எழுந்து நடந்துவிட்டாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது, முகமெல்லாம் சேறு. ஒரே கயிற்றில் ஏன் இழுக்கவில்லை என்று அப்போதும் விடாமல் லூர்தம்மாவைக் கேட்டேன்.

"ஒத்தக் கயித்துல இழுத்துக்கிட்டுப் போக இது என்ன நாய்க்குட்டியாண்ணே?"

பங்கு

ரோட்டுக்கு வந்தபின் பெல்ட்டை மாட்ட வேண்டும், நாலு டயருக்கும் கைப்பம்பில் காற்றடிக்க வேண்டும். கயிறு இழுத்தவர்களே முறைபோட்டு அடித்தார்கள். அடித்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குள் நாங்கள் நுழைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணில் பட்டது, போய்விட்டது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் மரைக்காயர் நின்றுகொண்டிருந்தார். பரமக்குடிக்கு ரோடு இருக்கிறதே, சந்தையில் மீனை விற்றுவிடலாம் என்றார் பிரான்சிஸ். "மீனு பொழைச்சுக்கும்," என்றார் மரைக்காயர், "ஆனா பேச்சு பேச்சுதான். நாளைக்கு வண்டி இரும்புக் கடைக்கு." எண்ணெய் நாற்றமும் தகரக் குழாயுமாக நின்ற அந்தச் சனியன்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன்.

லூர்தம்மா கூடை மேலிருந்து இறங்கினார். "கயிறு பிடிச்சவுகளுக்குப் பங்கு உண்டா இல்லையா முதலாளி?" என்று கேட்டார். உண்டு என்றார் மரைக்காயர். கரைவலையில் அது மாறாத சட்டம். கயிற்றில் கைவைத்தவர் யாரானாலும் கரையேறியதில் பங்கு உண்டு. "இன்னைக்குக் கயித்துல கரையேறுனது இந்த வண்டி. பங்கு பிரிக்காம எப்படி விப்பீக?" என்றார் லூர்தம்மா. வண்டியில் வந்தவர்கள் உடனே இறங்கி, எனக்கு முன் சக்கரம், எனக்கு விளக்கு, எனக்கு அந்தக் குழாய் என்று ஆளுக்கு ஒன்றைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். பரம்பரை பரம்பரையாகக் கடலில் தொழில் செய்த குடும்பம் மரைக்காயருடையது. அந்தச் சட்டத்தை மீறினால் எந்தக் கரையிலும் அவருக்கு மீன் போட மாட்டார்கள். அவர் வண்டியைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பி விழச் சிரித்தார்.

"ஒரு வண்டிக்கு இத்தனை முதலாளியா! இதை எவன் வாங்குவான்? ஏறுங்க எல்லாரும், பரமக்குடிக்குப் போவோம்."

அதற்கப்புறம் எத்தனையோ வண்டிகளைக் கட்டி ஓடவிட்டிருக்கிறேன்; ஆனால் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு ஓர் ஊரையே கூட்டிச் சம்மதம் கேட்டு, எல்லாரிடமும் தனித்தனியாகத் திட்டும் வாங்கிய மெக்கானிக் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.