சைலன்சருக்கு ஒரு தேக்சா மூடி

எங்கள் வேனின் வயிற்றுக்குக் கீழே பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவின் மூடி ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்கலாம். அது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு காலத்தில் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் புதுச்சேரியில் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்கிக் கொடுக்கிறவர்கள். அடுப்பு அவருடையது, அடுப்பைத் தவிர மற்றதெல்லாம் என்னுடையது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தம்மை எங்கள் இடத்தில் உடைக்க மாட்டோம். மூடியின் ஓரத்தில் மாவு ஒட்டி, மேலே கங்கு கொட்டி தம் ஏறியதும், கங்கைத் தட்டிவிட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி அப்படியே வேனில் ஏற்றுவோம். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்க, அங்கேதான் என் வீட்டுக்காரர் திறப்பார். ஆவி எழும்பும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் ‘மாஷா அல்லாஹ்’ என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மனிதர் அடுப்பில் வேகிறார் என்று நினைக்கிறேன். வழியில் தேக்சா ஆடினால் மாவு விண்டு ஆவி போய்விடும். அதனால் வேனின் பின்பக்கம் ஒருவர் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த ஒருவர் நான்.

மண்டபத்தில் கல்யாணம் நடந்த வரைக்கும் தொல்லை இல்லை. வாசல் வரை தார் ரோடு. இப்போது யாருக்கும் மண்டபம் பிடிப்பதில்லை. கனகசெட்டிக்குளத்துப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் பந்தல் போட்டு, மரத்துக்கு மரம் சீரியல் பல்பு கட்டி, கடற்காற்றில் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். சாப்பிடட்டும். சோறு எப்படி அங்கே வந்து சேரும் என்று ஒருவராவது யோசித்தார்களா? மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் மணல். லாரி டயர்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து வைத்திருக்கும். நடுவில் மேடு, மேட்டில் வெட்டிய சவுக்கின் அடிக்கட்டைகள். தேக்சா ஏறியதும் எங்கள் வேன் நிறைமாசக்காரி மாதிரி கீழே இறங்கிவிடும். சைலன்சர் நேராகப் போய்க் கட்டையில் இடிக்கும்.

முதல் தடவை குழாய் கழன்றே போய்விட்டது. நாங்கள் உள்ளே நுழைந்த சத்தத்தில், மாப்பிள்ளை வந்துவிட்டார், வெடி போடுகிறார்கள் என்று பெண் வீட்டார் எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வண்டியை எப்போதும் பார்க்கும் மெக்கானிக் நிதானமாகத்தான் சொன்னார். “சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கிற ரப்பர் நைஞ்சு போச்சுண்ணே. மாத்திட்டா கொஞ்சம் மேல ஏறும். மேட்டை நடுவுல விட்டு ஓட்டாதீங்க, ஒரு பக்கத்து சக்கரத்தை மேட்டு மேல ஏத்தி மெதுவாப் போங்க. கட்டை இருக்கான்னு ஒருத்தர் இறங்கி முன்னாடி நடந்து பாத்தா நல்லது. அடியில தகடு வேணும்னா நானே அடிச்சுத் தரேன். சூடு வெளிய போக அதுல ஓட்டை வுட்டு, சுத்தி சந்து வுட்டுப் போடணும்.”

என் வீட்டுக்காரர் ரப்பரை மாற்றிக்கொண்டார். தகடு மட்டும் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து பழைய மூடி ஒன்று இறங்கியது. அதைக் கவிழ்த்துப் பிடித்து என்னிடம் காட்டினார்.

“எவ்ளோ கங்கு பாத்த மூடி இது. சைலன்சர் சூடு இதுக்கு ஒரு சூடா? அடிப்பக்கம் வழவழன்னு இருக்கு. மணல்ல வழுக்கிக்கினே போயிடும் பாரு.”

“மெக்கானிக் ஓட்டை வுடணும்னு சொன்னாரேங்க.”

“மூடியில எவனாவது ஓட்டை போடுவானா?”

தம் போடுகிற மனிதனிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? மூடியில் போடாத ஓட்டையை வேனின் தரையில் போட்டார். டிரில் வாங்கி வந்து, பின்பக்கத் தகட்டில் துளைத்து, மூடியை மல்லாக்க வைத்து, அதன் ஓரத்துக் கைப்பிடி வளையங்களில் போல்ட் மாட்டி முடுக்கினார். போல்ட்டை விட ஓட்டை பெரிதாக இருந்தது. மேலே சாக்கை விரித்துவிட்டார். அந்தச் சாக்கின் மேல்தான் என் ஆசனம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் பயணத்தில் மூடி வழுக்கிக்கொண்டுதான் போனது. கட்டையில் ஏறி, சறுக்கி, இறங்கியது. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இறங்கி நடந்து பார்க்கிறேன் என்றால், எதற்கு, மூடி இருக்கிறதே என்பார். மேட்டை நடுவில் விட்டே ஓட்டினார்.

எனக்குத் தலைவலி தொடங்கியது அந்தக் கோடையில்தான். தோப்பு ஆர்டர் என்றால் தலைவலி. வயிற்றைப் புரட்டும். இறங்கி நின்றால் கால் எங்கோ இருக்கும். வெறும் வயிற்றோடு வந்தால் அப்படித்தான் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன், வலித்தது. வெயில் என்றார். தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டேன், வலித்தது. கண்ணைக் காட்டு என்றார். கண் டாக்டரிடம் போய் மூக்குக்கண்ணாடியையும் மாற்றினேன். இப்போது தலைவலி தெளிவாகத் தெரிந்தது.

“பின்னாடி புகை வருதுங்க,” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

“தம் வாசனை. இன்னிக்கு நல்லா ஏறியிருக்கு,” என்பார் முன்னால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

குற்றம் சொல்வதென்றால் அந்த வேனையும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகக் கரியும் நெய்யும் ஏறி ஊறிய வண்டி. அதில் புகை வாசனை வருகிறது என்று சொன்னால் மீன் கடையில் மீன் வாசனை என்று சொன்ன மாதிரிதான். சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும், நான்தான் சும்மா நச்சரிக்கிறேனோ என்று. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் தலையில் வலிப்பது எனக்கே நிச்சயம் இல்லாமல் போனது.

ஒரு மத்தியானம், தோப்பில் தம் உடைக்கும்போது ஆவி பட்டு அவருடைய உள்ளங்கை வெந்துவிட்டது. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் மணலில் ஓட்டத் தெரியாது என்று அவராகவே எழுதி வைத்திருந்த சட்டம் ஒன்றும் உண்டு. அன்றைக்குச் சட்டம் செல்லவில்லை. தேக்சாவில் மிச்சம் இருந்த தால்சா குழம்பு சிந்தாமல் பிடித்துக்கொள்ள அவர் பின்னால் ஏறினார். நான் ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஓட்டினேன்.

“லெஃப்ட்ல ஒடி. ரொம்ப ஒடிக்காத. கட்டை வருது பாரு,” என்று பின்னால் இருந்து வந்துகொண்டே இருந்தது. கட்டையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் “ஹாரன் அடி” என்றார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அப்பாடா, என்று இருந்தது எனக்கு. கொஞ்ச தூரம் அந்த அமைதியை அனுபவித்தே ஓட்டினேன். அப்புறம்தான், இந்த மனிதர் தூக்கத்தில் கூட ஸ்டியரிங் பற்றிப் பேசுகிறவர் ஆயிற்றே என்று உறைத்தது. ஓரம் கட்டி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

தேக்சாவைக் கட்டிப்பிடித்தபடி அதன் மேலேயே தலையைச் சாய்த்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி, இழுத்துக் கீழே உட்கார வைத்தேன். ரோட்டோரத்திலேயே வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். வெகு நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

“நீ இதுலயா உக்காந்து வந்துகினு இருந்த?”

எனக்கு அழுகை வந்தது. பயம் பாதி, ஆத்திரம் பாதி. நான் வாயால் சொன்னதெல்லாம் அவர் மூக்குக்குள் போன பிறகுதான் காதுக்குப் போயிருக்கிறது.

மறுநாள் மெக்கானிக் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கை சவுக்குச் சருகு, பாதி கருகி. ஒவ்வொரு தடவை கட்டையில் இடித்தபோதும் மூடி மேலே போய்க் குழாயை முட்டி, இணைப்பில் விரிசல் விட்டிருந்தது. வெளியே போக வேண்டிய புகை மூடியில் தேங்கி, போல்ட் ஓட்டை வழியாக மேலே வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அதற்குள் பழைய ஆளாகிவிட்டார். தானே மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்ததாகக் கையில் கட்டோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தப் புகையில கண்ணு சொக்கும்ணே,” என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியில் இருந்தபடியே. “சொக்கிட்டா அவ்ளோதான். எழுப்புனாலும் எழுந்துக்க மாட்டாங்க.”

என் வீட்டுக்காரரின் விளக்கம் பாதியில் நின்றது. வேனுக்குள் எட்டி, சாக்கை விலக்கி, அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

“மன்னிப்பெல்லாம் வேணாம்,” என்றேன். “இனிமே எனக்கு வலிக்குதுன்னா, எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஏன் வலிக்குதுன்னு நீங்களே சொல்லாதீங்க.”

மெக்கானிக் வண்டிக்கு அடியில் இருந்து வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் சாக்கை உருவி வெளியே போட்டார்.

“இப்ப வலிக்குதா?” என்றார்.

“வலிக்குது,” என்றேன்.

வாயைத் திறந்தார். காரணம் சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியாதா. மூடிக்கொண்டார்.

“எங்க?” என்று கேட்டார்.