பல்லோடு வந்த சிலந்தி

"பல்லை ஒடிச்சுட்டுக் கொண்டாந்தா அது எதை வெச்சுத் திங்கும்? உன் வாயில இருக்கறதக் கழட்டிக் குடுக்கப்போறியா?"

என் வீட்டுப் படிக்குக் கீழே நின்றுகொண்டு நிமோல் இப்படிக் கத்தியபோது, சிலந்தி தோண்டுகிற தூன் கையில் வாளியோடு வாயைப் பிளந்து நின்றான். வாளிக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புச் சிலந்திகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் பல் ஒடித்தவை. வளையிலிருந்து இழுத்ததும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை அதுதான், கட்டைவிரல் நகத்தால் நெம்பிப் பல்லை ஒடிப்பது. ஸ்குன் ஊரில் சிலந்தி தோண்டுகிற எவனும் அப்படித்தான் செய்வான்.

"பல்லோட விட்டா கடிக்கும் டீச்சர்," என்றான் தூன்.

"கடிக்கட்டும்."

"என்னையில்ல கடிக்கும்!"

"அதுக்குத்தானே உனக்குக் காசு குடுக்கறேன்?"

நான் அடுப்புப் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு தாங்கவில்லை. "எங்கிட்ட குடுடா வாளிய. என் எண்ணெய்க்குப் பல்லு இருந்தா என்ன, போனா என்ன," என்றேன். நிமோல் என்னையும் ஒரு முறை முறைத்துவிட்டுக் கம்பி வலைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே என்றால், தூண்கள்மேல் நிற்கிற என் வீட்டுக்கு அடியில். என் புருஷன் போனபிறகு தூண்களுக்கு நடுவே மாடும் இல்லை, வைக்கோலும் இல்லை, அந்த இடம் சும்மா கிடந்தது. தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இந்தப் பெண் அதை வாடகைக்குக் கேட்டபோது, கோழி வளர்க்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சுற்றிலும் வலை அடித்து, அலமாரி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் மண்ணை நிரப்பி ஒரு சிலந்தியை விட்டாள். நடுவில் ஒரு ஊஞ்சல் படுக்கை கட்டினாள். அதில்தான் தூக்கம். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். ஒல்லி உடம்பு, நல்ல முகம், வாய் மட்டும் முள்.

ஊர் சிரித்தது. பேருந்து நின்றதும் தலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, வறுத்த சிலந்தி விற்றுப் பிழைக்கிற ஊர் இது. நானும் அதைத்தான் விற்கிறேன். தின்கிற பொருளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

"எதுக்குடி இந்த வேலை?" என்று நானே கேட்டேன்.

"முந்தி உங்க ஆளுங்க எங்க தோண்டுனாங்க பெரியம்மா?"

"இதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"இப்ப?"

இப்போது பக்கத்து மாகாணம் வரை மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். இங்கே காட்டை வெட்டி முந்திரி வைத்துவிட்டார்கள்.

"அதான். கோழி மாதிரி பொட்டியில வளர்க்க முடிஞ்சா உங்களுக்கும் வியாபாரம் நிக்காது, காட்டுலயும் கொஞ்சம் மிஞ்சும். ஆனா பொட்டியில வெச்சா செத்துடுது. எனக்கென்னவோ தண்ணிமேலதான் சந்தேகம்."

ஆகவே தண்ணீரைத் தேடிப் புறப்பட்டாள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் உயரத்துக்குச் சிமென்ட் ஜாடி இருக்கும், கூரையில் விழுகிற மழைத் தண்ணீர் அதில் நிற்கும். குட்டி குட்டி சீசாக்களோடு வீடு வீடாகப் போய் அந்தத் தண்ணீரை மொண்டாள். கோயில் குளத்தில் மொண்டாள். மழை பெய்த மறுநாள் சிலந்தி வளைக்குள் குழாயை விட்டு அடித்தண்ணீரை உறிஞ்சினாள். கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவி மூடி வைப்பாள். இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளரும், பழைய சோற்றில் பூசணம் பூப்பதுபோல. வெள்ளை, மஞ்சள், பாசி நிறம். ஒரு முறை தலைநகரத்திலிருந்து ஜெல்லித் தூள் வரவில்லை. கடைத்தெருவில் பலகாரத்துக்கு வாங்குகிற பொடியையே வாங்கிக் காய்ச்சினாள். கிருமிக்கும் நமக்கும் ஒரே பலகாரம்தான் என்று தெரிந்தபிறகு நான் அதைத் தின்பதை விட்டுவிட்டேன்.

இதனால் அவளுக்கு ஊரில் நல்ல பெயர் வந்ததா? இல்லை. "என் ஜாடியில அழுக்குன்னு சொல்றாளாமே அந்தச் சிலந்திக்காரி" என்று என்னிடம் வந்து சண்டைக்கு நின்றவர்கள் உண்டு. அவள் அப்படி யாரைப் பற்றியும் சொல்லவில்லை. யாரிடமும் எதுவுமே சொல்லவில்லை, அதுதான் அவளிடம் இருந்த குறை. சந்தையில் அரை மீன் கேட்பாள். "பாதிய வெட்டிக் குடுத்துட்டு மீதிய நான் யாருக்கு விக்கிறது டீச்சர்?" என்று மீன்காரி கத்துவாள். முழு மீனை வாங்கி வந்து, பாதியை வாழை இலையில் வைத்து என் படியில் வைத்துவிட்டுப் போவாள், கூப்பிட மாட்டாள். பூனை தின்றது பாதி நாள்.

வந்த சிலந்திகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு, மூடின கை மாதிரி ஆகிவிடும். கிண்ணத்துத் தண்ணீர் தேங்கி, தின்ற வெட்டுக்கிளியின் மிச்சம் அதில் ஊறினால் பெட்டி நாறிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கொதித்து ஆறாத சொட்டு ஒன்றுகூட அந்த வலைக்குள் போகவில்லை. காலையில் கிண்ணம் கழுவினாள், மாலையிலும் கழுவினாள். சாவு குறைந்தது.

பிறகு ஒருநாள் தூன் வந்தான். கட்டைவிரல் பப்பாளிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. வாளியில் ஒரே ஒரு சிலந்தி. பெரியது, பெட்டை, வயிறு பருத்தது.

"இந்தாங்க டீச்சர், பல்லோட. என் ரத்தமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், பாத்து எடுங்க."

அவள் சிலந்தியைத்தான் முதலில் பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகுதான் அவன் விரல் கண்ணில் பட்டது. கொதித்த தண்ணீரை ஆறவைத்துக் கழுவிவிட்டாள். அவன் வலிக்காதவன் மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

தூனுக்குப் பெண்டாட்டி இல்லை, போய்ச் சேர்ந்து பல வருஷம். நான் சுற்றி வளைக்கிறவள் இல்லை. அன்று சாயங்காலமே கேட்டேன்.

"அவன் குடிப்பான், ஆனா விழமாட்டான். கை வேலைக்காரன். கட்டிக்கோயேன்."

"அந்தப் பொட்டிங்களைப் பாருங்க பெரியம்மா. ரெண்ட ஒண்ணா வெச்சா காலையில ஒண்ணுதான் இருக்கும்."

"நீ என்ன சிலந்தியாடி?"

"அவரு நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள். சிரிக்கவும் செய்தாள். நானும் விட்டுவிட்டேன்.

மழை நின்றதும் தூன் தாய்லாந்து எல்லைக்குக் கட்டட வேலைக்குப் போனான். புறப்படுகிற அன்று வலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றான். அவள் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு தட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வரேன் டீச்சர்."

"ம்."

அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்கிறபோது செருப்பு இருந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. "யாரோ வந்த மாதிரி இருந்துச்சே?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். கிண்ணம் கழுவப் போனாள்.

அந்தப் பெட்டைச் சிலந்தி வெயில் காலத்தில் முட்டை இட்டது. வெள்ளைப் பட்டில் சுற்றிய உருண்டை, கோழிமுட்டை மஞ்சள்கரு அளவு. அதைக் காலுக்கடியில் அணைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தொலைபேசியில் பேசினார். அவர் குரல் மேலே எனக்கே கேட்டது. "இந்தத் தடவை குஞ்சு உயிரோட வந்தா அங்கயே இருந்து செய். வரலன்னா எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்துடும்மா. இங்க ஆபீஸ்ல வேலை நிறைய கிடக்கு."

திரும்பிப் போவதென்றால் அண்ணன் வீடு. அங்கே அவளுக்கு இருந்த இடம், மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற நடையில் ஒரு பாய். காலையில் அண்ணன் வண்டியை எடுக்குமுன் எழுந்து பாயைச் சுருட்ட வேண்டுமாம். இதை அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் மீன் ஆய்ந்துகொண்டே. போக மனமில்லை என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

வருஷப்பிறப்பு வந்தது. மகனும் மருமகளும் வந்து, மல்லிகை போட்ட தண்ணீரை என் தோளில் ஊற்றி, காலைக் கழுவி, ஆசீர்வாதம் வாங்கினார்கள். நிமோல் படிக்கட்டின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்த் தண்ணீர் ஊற்ற அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

"அங்க என்ன வேடிக்கை? வந்து நீயும் ஊத்து," என்றேன்.

ஊற்றினாள். ரொம்ப மெதுவாக, கண்ணாடித் தட்டில் சொட்டுகிற மாதிரி.

"ஏண்டி, மருந்தா அளக்கற? நல்லா ஊத்து!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு கோயிலிலிருந்து வந்த மந்திரித்த தண்ணீரைக் கிண்ணத்தில் பங்கு பிரித்தோம். அதை என் மகன் வண்டியில் தெளித்தான், பக்கத்து வீட்டுக்காரன் மாட்டின் நெற்றியில் தெளித்தான், நான் என் வறுக்கிற சட்டியில் தெளித்தேன். வாழ்வு கொடுக்கிற எதையும் அன்று நனைக்காமல் விடமாட்டோம். நிமோலும் தன் பங்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். தரைப்பலகை இடுக்கு வழியே பார்த்தேன். மற்றப் பெட்டிகளைத் தாண்டிப் போய், அந்தத் தாய்ச் சிலந்தியின் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள் தெளிக்க என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே சிலந்தி முட்டைப் பையை விட்டு விலகி உட்கார்ந்தது. பிறகு கால்களை மடக்கியது.

கீழே சத்தமே இல்லை. இறங்கிப் போனேன். இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீர், இன்னொன்று செத்த சிலந்தியின் வாயிலிருந்து எடுத்தது. இரண்டிலும் ஒரே பாசி நிறம், ஒரே அழுகின பூ வாடை.

"கோயில் ஜாடித் தண்ணி பெரியம்மா. பழைய பூவ எடுக்கறதில்ல, அதுமேலயே புதுப் பூவப் போடறாங்க."

"மெதுவாப் பேசு. கோயில் தண்ணியில கிருமின்னு இந்த ஊருல சொன்னா உன்னையும் பொட்டியில வெச்சு மூடிடுவாங்க."

"ஒரு சாவ வெச்சு இதுதான் காரணம்னு எழுதவும் முடியாது." தட்டை மூடினாள். "ஆனா எனக்குத் தெரியும். கொதிக்காத சொட்டு ஒண்ணு உள்ள வராம இத்தன நாள் பாத்துட்டு, நானே ஊத்தியிருக்கேன் பாருங்க."

"அழுதுடு, பரவால்ல."

"அழுதா பையி காஞ்சிடும்," என்று எழுந்துவிட்டாள்.

நான் புரியாமல் பார்த்தேன். முட்டைப் பை இன்னும் சாகவில்லை, தாய் செய்கிற வேலையை யாராவது செய்தால் பிழைக்கும் என்றாள். தன் கட்டம்போட்ட துண்டில் ஒரு துணுக்கைக் கிழித்துக் கொதிக்க வைத்து உலர்த்தி, ஒரு பெட்டிக்குள் குட்டி ஊஞ்சலாகக் கட்டினாள். அதில் உருண்டையை வைத்தாள். ஊஞ்சலுக்கு அடியில் கொதித்து ஆறிய தண்ணீர், ஈரத்துக்கு. கையைச் சாராயத்தில் கழுவிக்கொண்டு, காலை, மதியம், மாலை அதை உருட்டிவிட்டாள். சந்தைக்குப் போகவில்லை. இந்தத் தடவை மீன் வாங்கிப் படியில் வைத்தது நான். பூனை தின்னாமல் காவலும் இருந்தேன்.

குஞ்சு வந்தது. சில முட்டைகள் கறுத்து அழுகியிருந்தன, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். மற்றவை வெள்ளையாக, கடுகுக்குக் கால் முளைத்த மாதிரி ஒரே குவியலாகக் கிடந்தன. பேராசிரியர் தொலைபேசியில் உரக்கச் சிரித்தார். அங்கேயே இரு என்றார்.

"அப்ப பாய் சுருட்ட வேண்டாம்," என்றேன்.

"வேண்டாம்," என்றாள். தூனுக்குச் சொல்லி அனுப்ப அவன் எண் இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் இல்லை. ஊரில் யாரிடமும் இல்லை.

குவியலாகக் கிடந்ததைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. "எவ்வளவு ஒத்துமையா இருக்கு பாரு," என்றேன்.

"இன்னும் ஒரு தோல் உரிக்கற வரைக்கும்தான் பெரியம்மா. அப்புறம் ஒண்ண ஒண்ணு தின்னும். ஒவ்வொண்ணுக்கும் தனி வீடு வேணும்."

அதற்காகச் சந்தைக்கு அவளோடு நானும் போனேன். மீன் சாறு கட்டிக்கொடுக்கிற குட்டிக் கிண்ணம், மூடி போட்டது, கடையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் கட்டுக் கட்டாக எடுத்து வைக்க, கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவ்வளவா! விருந்தா டீச்சர்? ஏதாவது கல்யாணமா?"

"ஆமா. ஆனா யாரும் யார்கூடவும் உக்கார மாட்டாங்க."

ஊசியால் மூடியில் ஓட்டை போடுவது அவள் வேலை. சுமந்து வந்தது நான். நூறு கிண்ணம், மூடியோடு, பதினாலாயிரம் ரியல்.